ஐந்து மணிச் சங்கு

சில சீடர்கள் குருவைத் தேடி மலை ஏறுவார்கள். மாசானமுத்து பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த பழைய கட்டடத்தில் பதினேழு படி ஏறினார். அப்போது சீடருக்கு வயது அறுபத்தொன்று. குருவுக்கு முப்பத்திரண்டு.

குருவின் பெயர் ஹெப்சிபா. ஊரில் யார் வீட்டுக் கணினி படுத்துக்கொண்டாலும் அவளிடம்தான் வரும். மாசானமுத்து முதல் நாள் வந்து கேட்டது, கணினியில் தேதியை மாற்றுவது எப்படி என்று. சொல்லிக்கொடுக்க அவளுக்கு அரை நிமிஷம்தான் ஆயிற்று. ஆனால் மறுநாளும் அவர் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். இரண்டு வருஷமாக வந்துகொண்டிருந்தார்.

காலை பத்து மணிக்கு முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். டப்பாவில் கலந்து கிடக்கும் திருகாணிகளை அளவு பார்த்துப் பிரித்து வைப்பார். நடுவே ஒரு கேள்வி கேட்பார். தன் மகள் வயதுக்காரியை அவர் 'வாத்தியாரம்மா' என்று கூப்பிட்டார். அதில் துளியும் கேலி இல்லை. அவள் அவரை 'அண்ணாச்சி' என்றாள்.

அன்று திங்கட்கிழமை. அவர் திருகாணி டப்பாவைத் தொடவே இல்லை.

"வாத்தியாரம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அந்தக் கம்ப்யூட்டர் நான் இல்லாம ஏன் எழும்ப மாட்டேங்குது?"

அவர் எந்தக் கணினியைச் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

நகராட்சிக் கட்டடத்து மொட்டை மாடியில் ஒரு சின்ன அறை. அதன் தலைமேல் சங்கு. ஊதுகிற சங்கு இல்லை, மின்சாரத்தில் அலறுகிற சங்கு. ஒரு காலத்தில் நாளைக்கு நாலு வேளை ஒலித்தது. காலை ஐந்து மணிச் சங்குக்கு டீக்கடைகளில் பாய்லர் பற்றும். எட்டரைச் சங்குக்குப் பிள்ளைகள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடுவார்கள். மதியச் சங்கைக் கேட்டுத்தான் பாதி ஊர் கடிகாரம் திருப்பியது. நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் தெருக்காரர்கள் சங்கு அறைப் பக்கமே காதை வைத்திருப்பார்கள். அந்தச் சங்கை இயக்குகிற வேலைக்கு வெளியூரிலிருந்து வந்தவர் மாசானமுத்து. வந்தபோது வயது இருபத்தொன்பது.

காலம் போனது. எட்டரைச் சங்கை நிறுத்தினார்கள். மதியச் சங்கை நிறுத்தினார்கள். எல்லாம் கணினிமயம் என்று ஒரு உத்தரவு வந்தபோது, சங்குக்கும் ஒரு கணினி வந்து இறங்கியது. மிஞ்சியது காலை ஐந்து மணிச் சங்கு மட்டும். அதற்குள் மாசானமுத்து ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. கணினி இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்றார்கள்.

அது பார்த்துக்கொள்ளவில்லை. ஒருவர் போய்ப் பொத்தானை அமுக்கி எழுப்ப வேண்டியிருந்தது. எழுப்பினால் கறுப்புத் திரையில் ஏதோ கோளாறு என்று இங்கிலீஷில் புலம்பிவிட்டு, மேலே போக எஃப்-ஒன் பொத்தானைத் தட்டு என்று கேட்டு நின்றுவிடும். தட்டினால், தேதி என்ன என்று கேட்கும். இந்த மூன்று வேலைக்காக மாசானமுத்து தினமும் நாலரைக்கு சைக்கிளை எடுத்தார். சம்பளம் கிடையாது. யாரும் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

"ரெண்டு வருஷமா அதுக்கு தினமும் ஜனவரி ஒண்ணாந்தேதிதான் வாத்தியாரம்மா. நான் போயி, இன்னிக்கு இன்ன தேதின்னு சொன்னாத்தான் அடுத்த காரியம்."

"ரெண்டு வருஷமா இருக்கிற வியாதிக்கு இப்ப என்ன திடீர்னு?"

மாசானமுத்து முக்காலியைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துப் போட்டார்.

அவர் மகள் செண்பகம் மும்பையில் இருக்கிறாள். கல்யாணமாகி ஏழு வருஷம். அந்த வீட்டு வாசலை அவர் மிதித்ததில்லை. அவர் மனைவி கோமு மூன்று தடவை போய்வந்தாள், மூன்று தடவையும் தெரிந்தவர் துணையோடு. கல்யாணத்தன்று காலையிலேயே சங்கை ஊதிவிட்டுத்தான் மண்டபத்துக்கு வந்த மனிதர், ஒரு மாசம் மும்பையில் போய் உட்காருவாரா? ஒவ்வொரு தடவையும் கோமு கேட்பாள். ஒவ்வொரு தடவையும் அவர் மொட்டை மாடிப் பக்கம் கையைக் காட்டுவார்.

"மக ரெண்டு டிக்கெட் போட்டுட்டா. வியாழக்கிழமை சாயங்காலம் ரயிலு. கோமு இந்தத் தடவை வாரீங்களான்னு கேக்கவே இல்ல." அவர் குரல் தேய்ந்தது. "கேட்டிருந்தாக்கூட வர முடியாதுன்னு சொல்லியிருப்பேன். கேக்கல பாருங்க, அதுதான் அறுக்குது."

"ஆபீஸ்ல சொன்னீங்களா?"

"சொன்னேன். 'போயிட்டு வாங்க பெரியவரே, எல்லார் கையிலயும் போன் இருக்கு, சங்கு ஊதலேன்னா ஊரு முங்கிராது'ன்னாரு மேனேஜர்."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அது சிரிப்பு மாதிரியே இல்லை.

"அது தன்னால எழும்பினா நான் போவேன். எழும்பலேன்னா போக மாட்டேன். அவ்வளவுதான்."

ஹெப்சிபா திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

சங்கு அறையில் கணினியைத் திறந்ததும் உள்ளிருந்து ஒரு ரூபாய்க் காசு அளவில் எதையோ நெம்பி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது என்னது?"

"பேட்டரி. மெஷின் அணைஞ்சு கிடக்கிற நேரத்துல தேதியையும் மணியையும் மறக்காம வச்சிருக்கிறது இதோட சோலி. தீர்ந்துபோச்சு. அதான் தினமும் புத்தாண்டு."

புதியதைப் பொருத்தினாள். எஃப்-ஒன் புலம்பல் அன்றோடு நின்றது. பிறகு நீலத் திரையில் எதையெதையோ மாற்றினாள். தினமும் நாலு ஐம்பதுக்கு மெஷின் தானாக எழும்பும், ஐந்துக்குச் சங்கு ஊதும், ஐந்தே காலுக்குத் தானாக அணையும் என்றாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவள் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அவர் படியேறி வந்தபோது முகம் பளிச்சென்று இருந்தது.

"எழும்பல வாத்தியாரம்மா."

"எழும்பாததுக்கு இருக்கிற முகமா இது? பேரன் பொறந்த மாதிரி வாரீங்க."

அவர் முகத்தைச் சட்டென்று சரிசெய்துகொண்டார். "நாலு அம்பது ஆச்சு, அசையல. அஞ்சு ஆச்சு, அசையல. பொறவு நானே பொத்தானை அமுக்கி, ஊதுறதுக்குள்ள அஞ்சு மூணு ஆகிட்டு. முப்பத்திநாலு வருஷத்துல மூணு நிமிஷம் தாமசம் இதுதான் முதத்தடவை." கொஞ்சம் நிறுத்தினார். "ஊர்ல ஒருத்தன் ஏன்னு கேக்கல."

"ஒருத்தருமா?"

"கோமு கேட்டா, இன்னிக்கு ஏன் தாமசம்னு. அவளை விடுங்க."

ஹெப்சிபா அவரை ஒரு கணம் பார்த்தாள். சங்கு அறைக்கு மறுபடியும் போனார்கள்.

"நேத்து நான் போன பிறகு என்ன செஞ்சீங்க? செஞ்சது மாதிரியே செஞ்சு காட்டுங்க."

அவர் செய்து காட்டினார். திரையை அணைத்தார். கணினி நன்றாக அணைந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். சுவரில் சுவிட்சை அணைத்தார். பிளக்கை உருவி, வயரைச் சுருட்டி வைத்தார். எட்டி மெயினை இறக்கினார். ஒரு பழைய வேட்டியை எடுத்துக் கணினிக்கு மேல் போர்த்தி, நாலு ஓரத்தையும் உள்ளே சொருகினார். வேட்டியில் போன வருஷத்து ஆயுத பூஜை சந்தனம் ஒட்டியிருந்தது. கடைசியில் அதன் தலையில் லேசாக ஒரு தட்டுத் தட்டினார்.

"யார் சொல்லிக்கொடுத்தது இதெல்லாம்?"

"எனக்கு முன்னால இங்க இருந்த அருளப்பண்ணன். ஊதி முடிச்சதும் மெயினை இறக்கிட்டுத்தான் செருப்பைப் போடணும்பாரு. ஒரு தடவை மின்னல்ல மோட்டார் கருகிட்டு. அந்த வாடையை நானே மோந்திருக்கேன்."

"கடைசித் தட்டு?"

"அது நானா செய்யுதது."

அவள் வேட்டியை எடுத்தாள். பிளக்கைச் சொருகினாள். மெயினை ஏற்றி, சுவிட்சைப் போட்டாள். கணினி ஓடவில்லை. ஆனால் அதன் பின்பக்கத்தில் பச்சையாக ஒரு புள்ளி எரிந்தது. மாசானமுத்து இத்தனை வருஷத்தில் அதைப் பார்த்ததில்லை.

"அணைஞ்சு கிடந்தாலும் இது ஒரு கண்ணைத் திறந்து வச்சிருக்கும் அண்ணாச்சி. மணி பாத்துக்கிட்டே தூங்கும். நீங்க தினமும் அந்தக் கண்ணைப் பொத்திட்டு, காலையில ஏன் எழும்பலன்னு கேக்குதீங்க."

"மின்னல் அடிச்சா?"

"மின்னலுக்கு இது." பையிலிருந்து தடுப்புக் கருவி ஒன்றை எடுத்து மாட்டினாள். "வேற என்ன பயம்?"

அவர் வேட்டியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். அன்று கதவைப் பூட்டியபோது அந்தப் பச்சைப் புள்ளி எரிவதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கீழே இறங்கி வந்தவர், செருப்பு சரியாக மாட்டவில்லை என்று சொல்லிக்கொண்டு மறுபடி மேலே போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தார்.

புதன்கிழமை அவர் வரும்போது மூச்சிரைத்தது.

"எழும்பிட்டு! சரியா நாலு அம்பதுக்கு. தன்னால!"

"நீங்க எங்க இருந்தீங்க?"

"நாற்காலியில."

"எந்த நாற்காலியில?"

"அதுக்கு முன்னாலதான்."

"கை?"

"மடியில இருந்துச்சு." அவர் காதைத் தேய்த்தார். "கடைசியில லேசா ஒரு பொத்தானைத் தொட்டேன். சும்மா, ஒரு தைரியத்துக்கு."

"யாருக்குத் தைரியம்?"

மாசானமுத்து திருகாணி டப்பாவை எடுத்தார். திரும்ப வைத்தார்.

"அப்போ இன்னிக்கு நடந்தது சோதனையே இல்ல," என்றாள் ஹெப்சிபா. "பக்கத்துல ஆள் இல்லாம எழும்புதான்னு பாக்கணும்னா, பக்கத்துல ஆள் இருக்கக் கூடாது."

"நான் இல்லேன்னா அது எழும்புச்சா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"இந்த ஊருக்கு எப்படித் தெரியுதோ அப்படி."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, உங்க சங்கை நீங்க வீட்டிலேருந்து கேட்டிருக்கீங்களா?"

அவர் யோசித்தார். வெகு நேரம் யோசித்தார். இந்த ஊருக்கு வந்த மறுநாள் காலையில் அருளப்பண்ணன் அவரைச் சங்குக்கு அடியில் நிறுத்தி, காதில் பஞ்சை அடைத்துக்கொள்ளச் சொன்னார். அன்றிலிருந்து அவர் சங்குக்கு அடியிலேயேதான் நின்றிருக்கிறார். காய்ச்சலோடு நின்றிருக்கிறார். அப்பா இறந்த சேதியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். பஞ்சுக்கு நடுவே அவர் கேட்டதெல்லாம் மண்டையைப் பிளக்கிற ஒரு இரைச்சல்.

"இல்ல," என்றார்.

ஹெப்சிபா கையை நீட்டினாள். எதற்கு என்று அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அரைஞாணில் கட்டியிருந்த சங்கு அறைச் சாவியை அவிழ்த்தார். அவிழ்க்க அவிழ்க்க முடிச்சு இறுகியது. கடைசியில் அவள்தான் கத்தரியை எடுத்துக்கொடுத்தாள்.

வியாழக்கிழமை காலை நாலு மணிக்கே அவருக்கு விழிப்பு வந்துவிட்டது. கை தானாக இடுப்பைத் தடவிப் பார்த்தது.

கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். கீழே பாயில் கோமு அயர்ந்து தூங்கினாள். மூலையில் பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. அவருடைய பெட்டியையும் கோமுவே அடுக்கியிருந்தாள். ஆனால் பூட்டவில்லை. எந்த நேரமும் துணியை வெளியே எடுக்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருப்பாள் போல. அதைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

நாலு ஐம்பது. இப்போது கணினிக்குள் காற்றாடி சுழலும். இப்போது திரை வெளுக்கும். இப்போது தேதி கேட்கும் என்று நினைத்தவர், இல்லை, இனி அது கேட்காது என்று நினைத்துக்கொண்டார்.

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து அடித்தது. வெளியே ஒரு சத்தமும் இல்லை.

அவர் சைக்கிள் சாவியைத் தேடி எழுந்துவிட்டார். கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்த பிறகுதான் அந்தக் கடிகாரம் எப்போதும் இரண்டு நிமிஷம் முந்தி ஓடும் என்பது நினைவுக்கு வந்தது. கோமுதான் அதை முந்த வைத்திருந்தாள்.

அப்போது அது வந்தது.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஓட்டுக் கூரைகளைத் தாண்டி, தென்னைகளைத் தாண்டி வந்தது. அது இரைச்சலே இல்லை. மெல்லத் தொடங்கி, நிதானமாக ஏறி, உச்சியில் கொஞ்ச நேரம் நின்று, யாரையும் திட்டாமல் இறங்கியது. தூங்குகிற பிள்ளையை எழுப்ப மனசில்லாமல் எழுப்புகிற தாயின் குரல் மாதிரி இருந்தது. இவ்வளவு அழகான ஒன்றைத்தான் இத்தனை வருஷமாகப் பஞ்சு வைத்து அடைத்துக்கொண்டோமா என்று நினைத்தபோது, மாசானமுத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

சங்கு அடங்குவதற்குள் கோமு எழுந்துவிட்டாள். கண்ணைக்கூடச் சரியாகத் திறக்கவில்லை. கூந்தலை அள்ளிச் செருகிக்கொண்டே நேரே அடுப்படிக்குப் போனாள். தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டது. பால் பாத்திரம் அடுப்பில் ஏறுகிற சத்தம் கேட்டது. டம்ளர் ஒன்றைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு முகம் துடைத்துக்கொண்டு திரும்பியவள், கதவருகே அவர் நிற்பதைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"என்னங்க, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"நான் போகவே இல்ல கோமு."

"பொறவு யாரு ஊதுனது?"

"அதுவா ஊதிட்டு."

அவள் அவரைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். அதற்குள் பால் பொங்கிவிட்டது. அன்று இருவரும் ஐந்தே காலுக்குச் சேர்ந்து உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். கோமு குடித்து முடித்துவிட்டு, எழுந்து போய் அவருடைய பெட்டியைப் பூட்டினாள்.

பத்து மணிக்கு அவர் படியேறினார். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வந்தார்.

ஹெப்சிபா ஒரு பெட்டியைத் திறந்து தூசி தட்டிக்கொண்டிருந்தாள். சங்கு அறைச் சாவி மேசையில் இருந்தது.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு."

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். சாவியைப் பார்த்தார். எடுக்கவில்லை.

"நாலு மணிக்கு ரயில்வே ஸ்டேஷனுக்குக் கிளம்புதோம். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

"சரி."

அவர் எழுந்திருக்கவில்லை. அவள் தூசி தட்டி முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தார். பிறகு அவர் குரல் வந்தபோது அது வயசான குரலாக இருந்தது.

"வாத்தியாரம்மா, நான் இல்லாமலே அது எழும்பிட்டு. ஊதிட்டு. அணைஞ்சிட்டு. ஒரு குறையும் இல்ல. அப்போ முப்பத்திநாலு வருஷமா அங்க நின்னு நான் என்னதான் செஞ்சேன்?"

ஹெப்சிபா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"சங்கு கேட்டதும் அம்மா என்ன செஞ்சாங்க?"

"கோமுவா? பாலை அடுப்புல வச்சா."

"யாருக்கு?"

கழுவிக் கவிழ்த்த அந்த ஒற்றை டம்ளர் மாசானமுத்துவின் கண்முன் வந்தது. "எனக்கு," என்றார்.